வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்களா? அருங்காட்சியக அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அறங்காவலர்களே,

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆசியக் கலைக்கென்று தனிக்கூடம் வைத்திருக்கும் அருங்காட்சியகங்களை நிர்வகிக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். தமிழில் எழுதுகிறேன். படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கும். பரவாயில்லை, தேடுங்கள். எங்கள் செப்புத் திருமேனிகள் சிலவற்றின் பீடத்தில் வெட்டியிருக்கும் எழுத்தும் தமிழ்தான். அதற்கும் ஒரு நாள் ஆள் தேட வேண்டி வரும், இதிலேயே பழகிக்கொள்ளலாம்.

அறங்காவலர் என்று உங்களை அழைப்பது வெறும் மரியாதைக்காக இல்லை. கோயில் சொத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் எங்கள் மொழியில் இதே பெயர். சிலையை வாங்கச் சொல்லி உங்கள் ஊரில் கையெழுத்துப் போடுகிறவரும், அந்தச் சிலை இருந்த அறைக்கு எங்கள் ஊரில் சாவி வைத்திருக்கிறவரும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கண்ணயர்ந்த கதைதான் இது. நடுவில் ஒருவர் மட்டும் நன்றாக விழித்திருந்தார். சுபாஷ் கபூர்.

அவரை நீங்கள் எங்களுக்கு முன்பே அறிவீர்கள். அப்பாவும் டெல்லியில் கலைப்பொருள் வியாபாரி. மகன் 1970களில் நியூயார்க் போய், மேடிசன் அவென்யூவில் ‘ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்’ என்று கேலரி நடத்தினார். சோழர் செம்பு, காந்தாரக் கல், ராஜஸ்தான் ஓவியம் எல்லாம் அங்கே கிடைத்தது. அழகான கேடலாக் அச்சடிப்பார். உங்கள் காப்பாட்சியர்கள் அவர் கடைக்குப் போனார்கள், அவர் உங்கள் திறப்பு விழாக்களுக்கு வந்தார். கான்பெராவில் இருக்கும் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் மட்டுமே பத்து வருஷத்துக்குள் அவரிடம் 20க்கும் மேற்பட்ட பொருட்களை வாங்கியது.

கடத்தல்காரர் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால் அவருடைய சாமர்த்தியத்தில் பாதி தெரியாமல் போய்விடும். விற்றது போக, கொடுக்கவும் கொடுத்தார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு அவர் நன்கொடையாகக் கொடுத்த இந்தியக் கோட்டோவியங்களை வைத்து 2009-ல் தனிக் கண்காட்சியே நடந்தது. தலைப்பிலேயே அவர் பெயர் இருந்தது. எங்கள் ஊர்க் கோயில்களில் டியூப்லைட் வாங்கிக் கொடுத்துவிட்டு, வெளிச்சம் பாதி மறையும் அளவுக்குச் சிவப்பு எழுத்தில் ‘உபயம்: இன்னார்’ என்று எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. அதைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவன் நான். கபூருடைய உபயம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. மெட்ரோபாலிட்டன் சுவரில் ‘கபூர் நன்கொடை’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தால், அடுத்து அவரிடம் வாங்கப் போகிற அருங்காட்சியகம் பாதிக் கேள்விகளைக் கேட்காது. டியூப்லைட்டுக்காரருக்குக் கிடைப்பது கோயிலில் முதல் மரியாதை. இவருக்குக் கிடைத்தது நற்சான்றிதழ்.

சரி, ஸ்ரீபுரந்தானுக்கு வருகிறேன்.

அரியலூர் மாவட்டம், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கும் ஊர். ஸ்ரீபராந்தகன் என்ற சோழன் பெயர்தான் தேய்ந்து இப்படி ஆனது என்பார்கள். அங்கே ஒரு பிரகதீஸ்வரர் கோயில். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலை நினைத்துக்கொள்ளாதீர்கள், இது சின்னது. வழிபாடு குறைந்து, பிறகு நின்று, வௌவாலுக்கும் தேனீக்கும் விட்டுப்போன கோயில். உள்ளே இருட்டில் எட்டுத் திருமேனிகள். அவற்றில் ஒன்று ஏறக்குறைய நாலடி உயர நடராஜர். 2006-ல் அந்த எட்டும் போயின. போனது ஊருக்குத் தெரிந்தது 2008-ல். சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றலாம் என்று அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோதுதான் உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. பக்கத்துச் சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலில் பதினெட்டு.

இந்த மாதிரி சிலைகள் ‘புதுக் கைவினைப் பொருட்கள்’ என்ற பெயரில் சரக்கோடு சரக்காகக் கப்பலேறின. சுவாமிமலையில் இன்றைக்கும் அதே முறையில் புதுச் சிலை வார்க்கிறார்கள், நியாயமாக ஏற்றுமதியும் செய்கிறார்கள். புதுசுக்கு நடுவில் பழசு ஒன்று படுத்திருந்தால் துறைமுகத்தில் யார் கண்டுபிடிப்பது? வழியில் துடைத்து, செப்பனிட்டு, மேடிசன் அவென்யூவுக்குப் போய் நிற்கும்போது அதன் மேல் எங்கள் ஊர் எண்ணெய்ப் பிசுக்குகூட மிச்சமிருக்காது.

2008 தொடக்கத்தில் ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கியது. விலை சுமார் 51 லட்சம் அமெரிக்க டாலர், அன்றைய மதிப்பில் 20 கோடி ரூபாய் பக்கம். அதற்குக் கபூர் காட்டிய ஆதாரம் என்ன தெரியுமா? டெல்லியில் சூடான் தூதரகத்தில் வேலை பார்த்த ஒருவர் 1968-க்கும் 1971-க்கும் இடையில் வாங்கினார், அவருக்குப் பின் மனைவி கைக்கு வந்தது, இப்போது விற்கிறார். இதைச் சொல்லும் காகிதம். தொல்பொருள்களை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகத் தடைபோடும் இந்தியச் சட்டம் 1972-ல் வந்தது. காகிதத்தில் இருக்கும் வருஷம் அதற்குச் சரியாக முன்னால் போய் நிற்கிறது. திருட்டுப் பட்டியலில் இந்தச் சிலை இல்லை என்று தொலைந்த கலைப்பொருள்களைப் பதிவுசெய்யும் நிறுவனம் ஒன்றின் சான்றிதழும் கூடவே இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். போன வருஷம் என் மச்சான் இரண்டு மா நஞ்சை வாங்கப் போனார். பட்டா, சிட்டா, தாய்ப்பத்திரம், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று எல்லாம் கையில். பத்திர எழுத்தர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ‘இந்தப் பாகப்பிரிவினையில மூத்த அக்கா கையெழுத்து இல்லையே’ என்றார். அக்கா சிங்கப்பூரில். அவர் லீவு போட்டு வரும்வரை நாலு மாதம் கிரயம் நின்றது. மச்சான் முனகினார், ஆனால் காத்திருந்தார். அப்புறம் இன்னொன்று, இது இங்கே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற யாருக்கும் தெரியும்: வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்றால் வில்லங்கமே இல்லை என்று அர்த்தம் இல்லை. பதிவானால்தானே அதில் வரும்! அதனால்தான் பக்கத்து வயல்காரரிடம் போய் ஒரு வார்த்தை விசாரிப்போம்.

சிலை திருடுபோனது ஊருக்கே தெரியாது. புகார் இல்லை, வழக்கு இல்லை. திருட்டுப் பட்டியலில் அது எப்படி வரும்? 20 கோடி ரூபாய்க்கு வாங்கியவர்கள் பக்கத்து வயல்காரரிடம் விசாரிக்கவில்லை. வாங்குவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞர் எச்சரித்திருந்தார் என்பதும் பிறகு வெளியே வந்தது. அவரும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித்தான் படித்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் கிரயம் நிற்கவில்லை.

பக்கத்து வயல்காரர் யார் என்று கேட்டால், இந்த விஷயத்தில் புதுச்சேரி. அங்கே இருக்கும் பிரெஞ்சு நிறுவனம் 1950களிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் ஸ்ரீபுரந்தான் நடராஜரும் இருந்தார், கோயிலுக்குள்ளேயே, 1994-ல். 1971-க்குள் டெல்லியில் விலைபோனதாகக் காகிதம் சொன்ன சிலை! சிட்னியில் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் கபூரிடம் வாங்கிய கல் அர்த்தநாரீஸ்வரர் கதையும் இதேதான். டெல்லிக் கடை ஒன்றின் பழைய ரசீது ஒருபக்கம். விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயில் மாடத்தில் அதே சிலை நிற்கும் படம் இன்னொரு பக்கம். நேரில் போய்ப் பார்த்தால் மாடத்தில் வேறொரு புதுச்சிலை. பெரிய துப்பறியும் வேலை எதுவும் தேவைப்படவில்லை. படத்தையும் சிலையையும் பக்கத்தில் வைத்து, திருவாசியில் சுடர் எங்கே வளைகிறது, பச்சை படர்ந்த இடம் எது என்று நிதானமாகப் பார்க்கிற பொறுமை தேவைப்பட்டது. அதைச் செய்தவர்களில் பாதிப்பேர் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள்.

மீதிக் கதை செய்தித்தாளில் வந்ததுதான். 2011 அக்டோபரில் பிராங்பர்ட் விமான நிலையத்தில் கபூர் கைதானார். 2012 ஜூலையில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நியூயார்க்கில் அவருடைய கிடங்குகளைத் திறந்தார்கள். மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் கணக்கில் மொத்தம் 2,622 பொருட்கள், மதிப்பு 10 கோடியே 76 லட்சம் டாலர். கைப்பற்றிய படங்களில் மண்ணும் அழுக்கும் ஒட்டிய, செப்பனிடாத சிலைகள் இருந்தன. கேடலாக்கில் கறுப்புத் துணியின் முன்னால் ஒளிவிட்ட அதே சிலைகள். 2022 நவம்பர் 1-ம் தேதி உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்குப் பத்து வருஷம் தண்டனை விதித்தது.

உங்களில் சிலர் திருப்பிக் கொடுத்தீர்கள், அதையும் சொல்ல வேண்டும். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் நடராஜரையும் அர்த்தநாரீஸ்வரரையும் டெல்லிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்ரீபுரந்தான் உமா பரமேஸ்வரியை ஆறரை லட்சம் டாலருக்கு வாங்கிய சிங்கப்பூர் ஆசிய நாகரிக அருங்காட்சியகம் 2015-ல் திருப்பியனுப்பியது. 2021-ல் கான்பெரா மேலும் 14 பொருட்களைக் கொடுப்பதாக அறிவித்தது, அதில் 13 கபூர் வழி வந்தவை. அத்தோடு ஒரு நல்ல காரியமும் செய்தது. திருட்டு என்று நாங்கள் நிரூபிக்கும்வரை காத்திருக்காமல், திருட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தாலே கொடுத்துவிடுவது என்று விதியை மாற்றிக்கொண்டது. 2023-ல் மெட்ரோபாலிட்டனும் கபூர் வழி வந்த 15 சிற்பங்களைத் திருப்பித் தருவதாகச் சொன்னது.

எங்கள் பக்கத்துக் குறை பெரிது. பூட்டிப் போட்ட கோயில், இரண்டு வருஷம் யாரும் திறக்காத கதவு, காசுக்குக் கடப்பாரை தூக்கிய உள்ளூர்க் கைகள், எல்லாம் எங்களுடையவை. திரும்பி வந்த திருமேனிகளிலும் பல இன்னும் ஊர்க்கோயிலுக்குப் போகாமல் காப்பகத்தில் எண் ஒட்டிய வரிசையில் நிற்கின்றன. அதை எங்கள் அதிகாரிகளிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறோம். ‘உங்களுக்குத்தான் காப்பாற்றத் தெரியவில்லையே’ என்று உங்களில் யாராவது சொல்ல வாயெடுத்தால் ஒன்று மட்டும் சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தாழ்போட மறந்தார் என்பதற்காக அவர் வீட்டு அண்டா உங்களுடையதாகிவிடாது.

நான் உற்சவரைத் தோளில் சுமக்கிறவன். ஸ்ரீபாதம் தாங்கி என்பார்கள், இருபது வருஷமாக இடது தோளில் காய்ப்பு இருக்கிறது. நீங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பதுபோல் நடராஜரை முழுதாக நாங்கள் பார்ப்பது வருஷத்தில் சில வேளைதான். மற்ற நாளெல்லாம் வேட்டி, மாலை, மேலே பூ. மார்கழித் திருவாதிரை விடியலில் பாலும் சந்தனமும் வழிகிறபோது ஒரு நிமிஷம் அந்தத் தூக்கிய கால் தெரியும், அப்புறம் திரை போட்டுவிடுவார்கள். உங்கள் கூடத்துச் சோழச் சிலை ஒன்றின் பீடத்தை உற்றுப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக வளையமோ துளையோ இருக்கும். சில பட்டியல்களில் அதை ‘அலங்கார வேலை’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். சாமி ஆடாமல் இருக்கக் கயிறு கட்டுகிற இடம் அது. வீதியில் திரும்புகிறபோது அதை இழுத்துப் பிடிக்கத் தனி ஆள் உண்டு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கபூரிடம் வாங்கிய, அவர் இனாமாகக் கொடுத்த ஒவ்வொரு பொருளுக்கும் உங்கள் கோப்பில் இருக்கிற காகிதம் அத்தனையையும், விலைச்சீட்டு, பழைய உரிமையாளர் கடிதம், வாங்கலாமா என்று உங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்பு உட்பட, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போடுங்கள். நியூயார்க்கிலிருந்து சம்மன் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ‘தனியார் சேகரிப்பு’ என்று ஒரு வரியில் முடித்திருந்தால், முடித்தபடியே போடுங்கள், அதுவும் ஒரு தகவல்தான். கூடவே படங்கள். முன்பக்க அழகு போஸ்டரில் பார்த்தாகிவிட்டது. பின்பக்கம், பீடத்தின் அடி, வளையம் உடைந்த இடம், ஒட்டுப்போட்ட விரல், இவற்றை வெளிச்சம் போட்டு எடுங்கள். பீடத்தில் எழுத்து இருந்தால் சுண்ணாம்பு, மாவு எதையும் தடவாதீர்கள், சாய்வாக டார்ச் அடித்தாலே தெரியும். படித்துச் சொல்ல இங்கே ஆள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
கொள்ளிடம் தென்கரையிலிருந்து
ஒரு ஸ்ரீபாதம் தாங்கி