'தாயும் தகப்பனும் நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லிக் குட்டி விற்பவர்களுக்கு

ஜெர்மன் ஷெப்பர்ட் ப்ரீடர்களுக்கு வணக்கம்.

குட்டி பார்க்க வருபவர்களிடம் தாயையும் தகப்பனையும் ஓடவிட்டுக் காட்டுகிறீர்கள். தடுப்பூசி அட்டை, கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) வம்சாவளிப் பேப்பர் எல்லாம் கையில் தருகிறீர்கள். சரி. ஆனால் டிஜெனரேட்டிவ் மைலோபதி என்ற தண்டுவட நோய் விஷயத்தில் அந்த ஓட்டத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை.

ஏனென்றால் அது பெரும்பாலும் எட்டு வயதுக்கு மேல்தான் தலைகாட்டும். பெட்டை எட்டு வயதைத் தாண்டினால் குட்டி போட வைக்கக் கூடாது என்கின்றன 2017-ம் ஆண்டு மத்திய அரசு விதிகள். அதாவது, நீங்கள் சட்டப்படியே நடந்தாலும், தாய்க்கு நோய் தெரியவரும் முன்பே அதன் குட்டிகள் நாலு ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

என் நாய்க்கும் அப்படித்தான் தொடங்கியது. பின்னங்கால் நகம் தரையில் உரசும் சத்தம், அப்புறம் பாதம் மடங்கி மேல்புறம் தரையில் படுவது, திரும்பும்போது இடுப்பு ஒரு பக்கம் சாய்வது. வயசாயிடுச்சு, இடுப்பு மூட்டு தேய்ஞ்சிருக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மூட்டுக் கோளாறு என்றால் வலிக்கும். இதில் வலியே இல்லை. அதனால்தான் வீட்டில் இருப்பவர்கள் தாமதமாக விழித்துக்கொள்கிறார்கள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பெரும்பாலான நாய்களின் பின்னங்கால்கள் முழுதாகச் செயலிழந்துவிடும். விட்டால் முன்னங்கால்களுக்கும் ஏறும். எம்.ஆர்.ஐ. எடுத்தால்கூட வேறு நோய் இல்லை என்றுதான் சொல்ல முடியும்; உறுதியான பதில் இறந்த பிறகு தண்டுவடத்தைச் சோதித்தால்தான் கிடைக்கும். பிசியோதெரபி நடக்கும் நாட்களைக் கொஞ்சம் நீட்டித்துத் தரலாம். குணப்படுத்தும் மருந்து கிடையாது. (இதற்குக் காரணம் எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் உள்ள பிழை. மனிதருக்கு வரும் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயின் ஒரு வகைக்கும் இதே மரபணுதான் காரணம். அவர்களுக்காவது 2023-ல் அமெரிக்காவில் ஒரு மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது.)

நாய்க்கு இந்த நோயைத் தரும் மரபணுப் பிழையை 2009-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்தால் போதும், டி.என்.ஏ. சோதனை சொல்லிவிடும். நாயின் ஆயுளில் ஒரு தடவை செய்தால் போதும்.

சோதித்தால் நல்ல நாயை எல்லாம் ஒதுக்க வேண்டிவருமே என்று பயப்படுகிறீர்கள். தேவையில்லை. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இந்த மரபணு இரண்டு பிரதியாக வரும். பிழை ஒரு பிரதியில் மட்டும் உள்ள நாய்க்குப் பொதுவாக நோய் வராது. அதைப் பிழையே இல்லாத நாயோடு சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் இரண்டு பிரதியிலும் பிழை வராது. ஒரு பிரதியில் பிழை உள்ள இரண்டு நாய்களை ஒன்றோடு ஒன்று சேர்க்கும்போதுதான் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. இரண்டு பிரதியிலும் பிழை உள்ள எல்லா நாய்க்கும் நோய் வந்தே தீரும் என்றும் இல்லை. ஆனால் அந்தச் சூதாட்டத்தை ஆடுவது நீங்கள், தோற்பது குட்டியை வாங்கியவர். கண்ணை மூடிக்கொண்டு பிழை உள்ள எல்லா நாயையும் ஒதுக்கினால் வம்சம் குறுகி வேறு நோய் வரும். அதை நானும் கேட்கவில்லை.

நான் கேட்பது இதுதான். அடுத்த மேட்டிங்குக்கு முன்பு இரண்டு நாய்க்கும் சோதனை செய்யுங்கள். குட்டி விற்கும்போது பேப்பரோடு அந்த ரிப்போர்ட் நகலையும் கொடுங்கள். அப்புறம், எட்டு ஒன்பது வருடம் முன்பு உங்களிடம் குட்டி வாங்கியவர்களுக்கு ஒரு போன் போட்டுப் பின்னங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். தள்ளாடுகிறது என்று யாராவது சொன்னால், அந்த வழியில் வந்து இப்போது உங்களிடம் இருக்கும் நாய்களிலிருந்து சோதனையைத் தொடங்குங்கள்.