கொத்தமல்லிச் சாறும் என் தம்பியின் ஈறும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'கொத்தமல்லிச் சாறு ஒரே வாரத்தில் உடலிலுள்ள ஈயத்தை வெளியேற்றிவிடும். பக்கவிளைவே கிடையாது' என்று சென்ற வார மருத்துவப் பக்கத்தில் படித்தேன். அந்த ஒரு வாரக் கணக்கைப் போட்ட புண்ணியவானைப் பார்க்க ஆசை.

நானும் தம்பியும் பழைய பேட்டரிகளைப் பிரித்துப் பிளேட் மாற்றும் கடை வைத்திருந்தோம். பழைய ஈயப் பிளேட்டை இரும்பு வாணலியில் உருக்குவது அவன் வேலை. முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டமாட்டான். அந்தக் கையாலேயே டீயும் வடையும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோது வாயு என்றோம். ஓமம், சீரகம், அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று கொத்தமல்லிச் சாறு. வெறும் வயிற்றில் அதைக் குடித்துவிட்டு நேராக வாணலி முன்னால் போய் உட்காருவான். ஆறு மாதம் இப்படியே போனது. கடைசியில் ஒரு மருத்துவர் அவன் உதட்டை விலக்கி டார்ச் அடித்தார். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பென்சிலால் கோடு இழுத்த மாதிரி நீலக்கறுப்பு. "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்த்து, அதைப் பிடித்துச் சிறுநீரில் இறக்கும் மாத்திரை எழுதினார். அதற்கும் முன்னால் வாணலியை விடச் சொன்னார். ஈயம் ஏறியதில் தொய்ந்துபோன அவன் மணிக்கட்டு இன்னும் முழுசாக நிமிரவில்லை.

பார்மசி படிக்கும் என் மகள் தேடிப் பார்த்தாள். 2001இல் வெளியான ஆய்வில் கொத்தமல்லி தின்றவை சுண்டெலிகள். அவற்றின் எலும்பில் ஈயம் குறைவாகப் படிந்ததாம். பிறகு ஈரானில் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, கொத்தமல்லி சேராத ஒப்புக்கு மருந்தைக் குடித்த குழந்தைகளுக்கும் அதே அளவுதான் ஈயம் குறைந்ததாம். தங்கள் கட்டுரையில் அந்தச் சுண்டெலி மட்டும் எங்கே ஓடிப்போனதோ!

இது முதல் முறையும் அல்ல. போன மழைக்காலத்தில் 'வேப்பிலைச் சாறு அத்தனை கிருமிகளையும் கொல்லும்' என்று போட்டீர்கள். ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டில் ஊற்றினால் சாராயமும்தான் கிருமியைக் கொல்லும். அதற்காகக் காய்ச்சலுக்குச் சாராயம் குடிக்கச் சொல்வீர்களா? நான் மூலிகைக்கு விரோதி இல்லை. காய்ச்சல் என்றால் எங்கள் வீட்டிலும் நிலவேம்புக் குடிநீர்தான். மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினினும் ஒரு செடியிலிருந்து வந்தது என்பது தங்களுக்குத் தெரியாததா? சீன விஞ்ஞானி தூ யூயூ அதை ஈதர் என்ற கரைப்பானில் பிரித்தெடுத்து, விலங்குகளிலும் மனிதர்களிலும் சோதித்த பிறகுதான் மருந்தானது. 2015இல் நோபல் பரிசு கொடுத்தது இலையை அரைத்துக் குடிக்கச் சொன்னதற்காக அல்ல.

அதே பக்கத்தின் கீழே லேகிய விளம்பரம் வேறு! 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. விளம்பரத்துக்குக் காசு வாங்கும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

நான் கேட்பது ஒரே வரி. 'ஆய்வில் நிரூபணம்' என்று போடும்போது தட்டிலா, எலியிலா, மனிதரிலா என்று சேர்த்துப் போடுங்கள்.

இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால் ஈறு பற்றிய வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். போன முறை நான் எழுதிய இரண்டு பக்கத்தில் 'கட்டுரை அருமை' மட்டும்தான் அச்சாகியிருந்தது.

இப்படிக்கு,
பேட்டரிக் கடையை மூடிவிட்ட வாசகர்,
கோவை மாவட்டம்