தட்டில் தெரிந்த வளையம்

அன்பு நண்பா,

பேத்தியின் காதுகுத்துக்கு வர முடியவில்லை, மன்னித்துவிடு. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டத்தில் ஒரு பாத்தி கிடைத்தது. வைத்த தக்காளி வளரவேயில்லை. இலையின் அடிப்புறம் ஊதா படர்ந்திருந்தது. மணிச்சத்துக் (பாஸ்பரஸ்) குறைதான். உனக்குத் தெரியுமே, ஓய்வுபெற்றும் பழைய ஆய்வுக்கூடத்தை விடாதவன் நான். மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் பூஞ்சை ஏதும் இருக்கிறதா என்று பார்க்க, மண்ணை அங்கே கொண்டுபோனேன்.

10 கிராம் மண்ணை 90 மில்லிலிட்டர் நீரில் கலக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, அப்படிக் கரைக்கும் நுண்ணுயிர்களைக் கண்டுபிடிக்க உதவும் பிகோவ்ஸ்கயா வளர்ப்பு ஊடகத்தில் பரப்பினேன். 1948ஆம் ஆண்டுச் செய்முறை. என்னைப் போல் அதற்கு ஓய்வு கொடுக்கவில்லை! லிட்டருக்கு 5 கிராம் டிரைகால்சியம் பாஸ்பேட் (நீரில் எளிதில் கரையாத கால்சியம் பாஸ்பேட்) சேர்ப்பதால் தட்டு நீர்மோர் போல வெளுத்திருக்கும். ஐந்தாம் நாள், கறுப்புப் பூஞ்சை ஒன்றைச் சுற்றிக் கண்ணாடி போல் தெளிந்த வளையம். அமிலம் கசிந்து பாஸ்பேட்டைக் கரைத்திருக்கிறது. மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நுண்ணோக்கியில் அதன் தலை கடம்பம்பூ மாதிரி உருண்டிருந்தது: ஆஸ்பெர்ஜில்லஸ். பக்கத்துப் பச்சைப் பூஞ்சை, விளக்குமாற்றைத் தலைகீழாக நிறுத்தியது போல இருந்தது: பெனிசிலியம். கறுப்பனுக்கு 'நைகர்' என்று இனப்பெயரும் எழுதிவிட்டேன். அங்கே வேலை செய்யும் பெண் சிரித்தாள். "அங்கிள், கறுப்பாக இருப்பதெல்லாம் நைகர் இல்லை. இனத்தைப் பிரித்துக்காட்டும் கால்மோடுலின் மரபணுவைப் பார்க்காமல் சொல்லக் கூடாது." வாயை மூடிக்கொண்டேன்.

பெயர் கிடக்கட்டும், பெரிய தப்பு வேறு. எங்கள் செம்மண் அமில மண். இதில் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்திருக்கின்றன. நான் வைத்த பரீட்சையோ கால்சியம் பாஸ்பேட்டில்! அதனால் இரும்பு பாஸ்பேட் போட்ட திரவத்தில் இரண்டையும் தனித்தனிக் குடுவைகளில் வளர்த்தேன். பூஞ்சை இல்லாத குடுவை ஒன்றும் ஒப்பிட வைத்தேன். பிறகு வடிகட்டி, மாலிப்டினம் நீல முறையில் அளந்தேன்; கரைந்த பாஸ்பேட் கூடக்கூட நீலம் அடர்த்தியாகும். கறுப்பன் குடுவையில் நீலம் வெளிறிப்போயிருந்தது. வளையமே காட்டாத பெனிசிலியத்தின் குடுவைதான் அடர்நீலம்.

நீ வாங்கப்போகும் உயிர் உரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாயே. உன் கரிசலில் சுண்ணாம்பு அதிகம். அங்கே கறுப்பன் போன்றவன் உதவலாம். ஆனால் எந்த பாஸ்பேட்டில் சோதித்தார்கள் என்று கடைக்காரரைக் கேட்டுவிட்டு வாங்கு.

பெனிசிலியத்தை முதலில் ஒரே ஒரு தொட்டியில் போட்டுப் பார்க்கப்போகிறேன். தட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தால் நானும் அதோடு வெளியே போக வேண்டும் என்கிறாள் உன் தங்கச்சி.

உன்
பழைய பெஞ்சுக்காரன்