காலுக்காகப் பறவைகளை விட்டுவிடாதீர்கள், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

பைனாகுலரை அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டீர்கள், பறவை பார்க்கிற குழுவிலிருந்தும் விலகிவிட்டீர்கள் என்று மாமா சொன்னார். கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது, சாயங்காலமானால் கடுப்பு, கணுக்காலில் வீக்கம். பார்க்கிறவர்கள் எல்லாம் "இனிமேல் அலையாதே, வீட்டில் உட்கார்" என்கிறார்களாம். எனக்கும் அதே வெரிகோஸ் வெயின்தான். நம் அம்மாவுக்கும் இருந்தது, குடும்பத்தில் வருகிற சமாச்சாரம் இது. உங்களை மாதிரி எத்தனையோ பேர் இதே பயத்தில் இருப்பார்கள் என்பதால்தான் போனில் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன்.

நடப்பதை விடாதீர்கள். ஒரே இடத்தில் நிற்பதைக் குறையுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மிச்சமெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது.

காலிலிருந்து ரத்தம் மேலே ஏறி இதயத்துக்குப் போக வேண்டும் இல்லையா, ஏறின ரத்தம் திரும்ப வழிந்துவிடாமல் தடுக்கச் சிரைக்குள்ளே, அதாவது நாம் நரம்பு என்று சொல்கிற அந்த ரத்தக்குழாய்க்குள்ளே, வழிநெடுக சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன, அவை தளர்ந்துபோனால் ரத்தம் கீழேயே தேங்கித் தோலுக்கு அடியில் இருக்கும் சிரை நெளிந்து புடைத்துக்கொள்கிறது. ரத்தத்தை மேலே தள்ளிவிடுகிற வேலை கெண்டைக்கால் சதையுடையது. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் பக்கத்துச் சிரையில் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரசம் வரைக்கும் இருக்கும். நல்ல கால் என்றால் சில அடி நடந்ததும் 30க்குப் பக்கத்தில் வந்துவிடும். நம் கால்களில் அந்த அளவுக்கு இறங்காது, ஆனாலும் நிற்பதைவிட நடப்பது எவ்வளவோ மேல். இத்தனை வருஷம் கரும்பலகை முன்னால் நின்ற கால்கள் உங்களுடையவை. உங்களுக்குக் கெடுதல் செய்தது அந்த நிற்பு, ஏரிக்கரை நடை அல்ல.

கிரிவலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 14 கிலோமீட்டர் நடந்தவருக்குக் கால் வலிக்கும், சரி, தூங்கி எழுந்தால் போய்விடும். தரிசன வரிசையில் மூன்று மணி நேரம் நின்றவரின் கணுக்காலைப் பாருங்கள்.

பறவை பார்ப்பதில் நமக்குச் சிக்கலே அந்த நிற்பதுதான். வேடந்தாங்கலில் கூழைக்கடா குஞ்சுக்கு ஊட்ட ஆரம்பித்தால் அரைமணி நேரம் மரம் மாதிரி நின்றுவிடுகிறோம். அதனால் ஒரு மடக்கு ஸ்டூல் கட்டாயம் வேண்டும். நின்று பார்த்தே ஆக வேண்டும் என்றால் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், பைனாகுலர் ஆடுகிறது என்றால் பறவை நகரும் நேரத்தில் செய்யுங்கள். ராத்திரி பஸ்ஸில் போகும்போதும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே வாருங்கள், வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் இறங்கி நாலு எட்டு நடங்கள். கழிப்பறை இருக்காது என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பழக்கத்தையும் விடுங்கள்.

அப்புறம், அழுத்தக் காலுறை, ரத்தம் கீழே தேங்காமல் காலை இறுக்கிப் பிடிக்கிற காலுறை. வாங்கி இரண்டு நாளில் மூலையில் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். போடுகிற விதம் தெரியாவிட்டால் அது பெரிய இம்சைதான். காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னால், வீக்கம் ஏறுவதற்குள் போட வேண்டும். குதிகால் வரைக்கும் உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி புரட்டி, முதலில் பாதத்தை நுழைத்து, குதிகால் அதன் இடத்தில் உட்கார்ந்ததும் மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நீவிக்கொண்டு போக வேண்டும். பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு நீவினால் வழுக்காமல் ஏறும், துணியும் நகம் பட்டுக் கிழியாது. மேல்விளிம்பு சுருண்டு முழங்காலுக்குக் கீழே கயிறு மாதிரி இறுக்கக் கூடாது, அது ரத்தத்தைத் தடுத்துவிடும். நம் ஊர் வெயிலில் அவிகிறது என்றால் போட்டபடியே மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், ஜில்லென்று இருக்கும். ராத்திரி கழற்றிவிடலாம். ஆனால் ஒன்று, சர்க்கரை இருக்கிறவர்கள் பாதத்துக்கு ரத்தம் சரியாக வருகிறதா என்று டாக்டரிடம் பார்த்துக்கொள்ளாமல் இறுக்கமான காலுறை போடக் கூடாது.

வால்பாறையில் இருவாச்சி பார்க்கப் போகிற ஆசையையும் விட்டுவிட வேண்டாம். மழைக்காலம் என்றால் அட்டை இருக்கும். அது கடித்த இடத்தில் ரத்தம் உறையாமல் ரொம்ப நேரம் கசியும், புடைத்த சிரைமேல் கடித்தால் இன்னும் தொல்லை. அழுத்தக் காலுறைக்கு மேலே அட்டைக்கான துணிக் காலுறையையும் முழங்கால் வரை கட்டிக்கொள்ளுங்கள். முள்ளோ கல்லோ கிழித்துச் சிரையிலிருந்து ரத்தம் பீறிட்டால் பயந்து நிற்காதீர்கள். உடனே படுத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். படுத்துத் தூக்கினாலே வேகம் குறைந்துவிடும். அதற்குப் பிறகு மருத்துவமனைக்குப் போகலாம்.

எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறவரிடம் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். சிரை கயிறு மாதிரி கெட்டியாகிச் சிவந்து சுடுகிறது என்றாலோ, ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலிக்கிறது என்றாலோ உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், அதை அழுத்தவே கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும், கூட மூச்சுத்திணறலும் இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு. கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுத்து அரிக்க ஆரம்பித்தாலும் சும்மா இருக்காதீர்கள், புண் வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

முதலில் ரத்தநாள அறுவை மருத்துவர் ஒருவரைப் பார்த்து டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். வலியில்லை, எந்த வால்வு கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். லேசர் என்றதும் கத்தி, தையல் என்று நினைத்துவிடாதீர்கள். ஊசித் துளை வழியாக மெல்லிய கம்பியை விட்டுக் கெட்ட சிரையைச் சூட்டால் மூடிவிடுகிறார்கள், ரத்தம் வேறு நல்ல சிரைகள் வழியாகப் போய்விடும். எனக்கு இடது காலில் செய்தபோது அன்றைக்கே நடக்கச் சொன்னார்கள். பிற்பாடு வேறு சிரைகளில் திரும்ப வரலாம் என்பதும் உண்மை, அதனால்தான் காலுறையை நான் இன்னும் விடவில்லை.

ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். டாக்டர் சரி என்றால் ஜனவரியில் வேடந்தாங்கல் போகலாம், விடிவதற்கு முன்னால் கிளம்பினால் வெயிலுக்கு முன் திரும்பிவிடலாம். ஸ்டூல் இரண்டையும் நானே தூக்கி வருகிறேன்.

அன்புடன்,
தம்பி