தூசிப் பொன்னும் பாதரசமும்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் பந்தலூர்ப் பக்கம் மணல் அரிப்பவர்கள் தூசிப் பொன்னைப் பிடிக்கப் பாதரசத்தை வெறுங்கையால் பிசைந்து, பிறகு வீட்டு அடுப்பிலேயே காய்ச்சுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது.

பாதரச ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது நரம்புகளையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அடுப்படியில் விளையாடும் குழந்தைக்குத்தான் கேடு அதிகம். ஓடையில் கொட்டியது நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி மீனில் சேரும். 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோய்க்குக் காரணம் அந்த மெத்தில் பாதரசமே. அவ்வூரின் பெயரால் 2013இல் உருவான, பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கையை இந்தியாவும் 2018இல் ஏற்றிருக்கிறது.

பாதரசம் இல்லாவிட்டால் தூசிப் பொன் தண்ணீரோடு போய்விடும் என்று அவர்கள் அஞ்சுவது புரிகிறது. பொன் நீரைவிடப் பத்தொன்பது மடங்கு கனமானதுதான். ஆனாலும் மெல்லிய தகடாகத் தட்டையாகிவிட்ட துகள், நீரின் மேற்பரப்பு இழுவிசையால் மிதந்தே போய்விடுகிறது. மணல் அலசும் தட்டில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு நீரை விட்டால் அது அமிழும். அதைவிட முக்கியமானது சல்லடை: பருமணலும் நுண்மணலும் கலந்து கிடக்கையில், பெரிய கல்லை நகர்த்த வேண்டிய நீரின் வேகமே சிறு பொன்னையும் அடித்துக்கொண்டு போகும். ஆகவே மணலை அளவு அளவாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே, நுண்ணியதை மிக மெதுவான நீரிலும் குறைந்த சரிவிலும் அலச வேண்டும். மிஞ்சும் கருமணலை உலர்த்தி, காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி இழுத்தால் காந்த இரும்புத் துகள்கள் விலகிவிடும். அந்தத் துகள்களோடு பொன்னும் ஒட்டி வரக்கூடும் என்பதால் அவற்றை மறுபடி ஒருமுறை அலசுவது நல்லது.

பிலிப்பைன்ஸின் பெங்கெட் மாகாணத்தில் சிறு சுரங்கத்தார் பல பத்தாண்டுகளாக இப்படி அலசிச் செறிவாக்கிய மணலை வெண்காரத்தோடு மூசையில், அதாவது உலோகம் உருக்கும் கிண்ணத்தில், உருக்கித்தான் பொன்னை எடுக்கிறார்கள். நம் பொற்கொல்லர்கள் பற்றவைக்கப் பயன்படுத்தும் அதே வெண்காரம். அது மற்றக் கனிமங்களின் உருகுநிலையைத் தாழ்த்திக் கசடாக்கிவிடுவதால், பொன் அடியில் மணியாகத் திரள்கிறது. ஆனால் அலசுவதில் அவசரப்பட்டு, செறிவில்லாத மணலை மூசையில் இட்டால் கசடு மட்டுமே மிஞ்சும். இந்த முறையில் பாதித் திறமை தட்டிலேயே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். உருக்குவதும் காற்றோட்டமான வெளியிடத்தில்தான் நடக்க வேண்டும். கந்தகக் கனிமங்கள் கலந்திருந்தால் அந்தப் புகையும் நச்சே.

ஒன்றை மட்டும் அவர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள். பழைய கழிவு மணலில் வெள்ளி போல வெளுத்த பொன் கிடைத்தால் அதில் பாதரசம் படிந்திருக்கிறது என்று பொருள். அதை எக்காரணம் கொண்டும் திறந்த நெருப்பில் வைக்கக்கூடாது. கையிருப்புப் பாதரசத்தை ஓடையில் கொட்டாமல், கெட்டியான புட்டியில் இறுக மூடி வைக்கட்டும். அடுத்த மாதம் வரும்போது நுண்சல்லடைகள் வாங்கி வருகிறேன். எந்த அளவுகளில் வேண்டும் என்று அவர்களைக் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்