காது கேளாத நாய்க்குக் கோப்பை எதற்கு?

நாய்களைப் பதிந்து பட்டம் கொடுக்கிற, மதிப்பிற்குரிய இந்திய கென்னல் கிளப் நிர்வாகிகளுக்கும், நம் நாட்டு இனங்களுக்கு நடுவராக நிற்கும் பெரியோர்களுக்கும்,

வணக்கம். ஒரே ஒரு கோரிக்கைக்காகத்தான் இந்த மடல். இரண்டு காதும் கேட்கிறது என்று சான்று இல்லாத ராஜபாளையம் நாய்க்கு இனிமேல் சாம்பியன் பட்டம் கொடுக்காதீர்கள். சில வருட அவகாசம் கொடுத்துவிட்டு, அந்தச் சான்று இல்லாத ஜோடிக்குப் பிறந்த குட்டிகளைப் பதிவதையும் நிறுத்துங்கள்.

இதைக் கேட்பவன் வெளியாள் இல்லை. அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் ராஜபாளையம் நாய்தான். தலை நரைத்த பிறகும், மே மாதம் பிறந்தால் ஊட்டி நாய்க் கண்காட்சிக்கு வண்டியில் நாயை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறவன் நான். வாங்கிய கோப்பைகள் அலமாரியில் கிடக்கின்றன. அதைத் துடைக்க வீட்டில் யாரும் முன்வருவதில்லை என்பது வேறு விஷயம்.

வெள்ளைத் தோலுக்கும் காதுக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியாததில்லை. ஒலியை வாங்கி நரம்புக்கு அனுப்பும் செல்கள் உயிரோடு இருக்க, உள்காதில் நிறமிச் செல்கள் வேண்டும். நாயை வெள்ளையாக்கும் மரபணு அந்த நிறமிச் செல்களை அங்கே போய்ச் சேரவிடாமல் செய்துவிட்டால், பிறந்த மூன்று நான்கு வாரத்துக்குள் அந்தக் காது பட்டுப்போகிறது. எல்லா வெள்ளை நாயும் செவிடில்லை, சரி. ஆனால் மூக்கு ரோஜா நிறம், உடம்பு பால் வெள்ளை, ஒரு திட்டு கூட ஆகாது என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிக்கொண்டே வந்தால், காது கேளாமையையும் சேர்த்துத்தான் பொறுக்குகிறோம். சில வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில், என் பெட்டையின் வலது காதோரம் இருந்த சந்தன நிறத் திட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நடுவர் அவளை வரிசையின் கடைசிக்கு அனுப்பினார். அவளுக்குக் காது அபாரம். கேட் திறக்கிற சத்தத்தை வைத்தே வருவது தபால்காரரா பால்காரரா என்று பிரிப்பாள்.

செவிட்டுக் குட்டியைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு ஈத்துக் குட்டிகளோடு ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். ஐந்து வாரக் குட்டிகள் சாக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பாத்திரத்தில் கரண்டியால் தட்டினால் எல்லாமே எழும். செவிடும் எழும், பக்கத்தில் கிடந்தது அசைந்ததால். ஒவ்வொன்றாகத் தனியே வைத்துத்தான் பார்க்க வேண்டும். அப்போதும் தரையைத் தட்டக் கூடாது, அதிர்வு பாதத்தில் தெரிந்துவிடும். கிட்டே நின்று கை தட்டவும் கூடாது, காற்று மேலே பட்டுவிடும். எனக்கு நம்பிக்கையான அடையாளம் வேறு. விளையாட்டில் கடிபட்ட குட்டி வீலென்று கத்தினால் கடித்தது விட்டுவிட வேண்டும். விடாமல் மேலும் மேலும் இறுக்குகிற குட்டியைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

இதெல்லாம் இரண்டு காதும் போன குட்டிக்கு. ஒரு காது மட்டும் போனதை வீட்டில் வைத்துப் பிடிக்கவே முடியாது. கூப்பிட்டால் தலையைத் தூக்கும், எந்தப் பக்கம் என்று புரியாமல் ஒரு கணம் சுற்றிப் பார்க்கும், அவ்வளவுதான். வாங்க வந்தவர் ‘என்ன சுட்டி பாருங்க’ என்று கொஞ்சிவிட்டு எடுத்துப் போவார். அது வளர்ந்து, ரிங்கில், அதாவது கண்காட்சிப் போட்டிக் களத்தில், ஜெயித்து, ஊர் ஊராகப் போய் இணை சேரும். செவிட்டுக் குட்டிகள் பிறக்கிற வாய்ப்பு அதன் வழியாக ஏறிக்கொண்டே போகும்.

ரிங்கில் அதை நீங்கள் பார்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். நாய் வாரில் இருக்கிறது. பிடித்து நடத்துகிற ஹேண்ட்லர் கையை அசைத்தால் நிற்கிறது, இழுத்தால் ஓடுகிறது. பல்லைப் பார்க்கிறீர்கள், முதுகுக்கோட்டைப் பார்க்கிறீர்கள், நடையைப் பார்க்கிறீர்கள். காது நிற்கும் வாகுக்குக்கூட மதிப்பெண் உண்டு, அது கேட்கிறதா என்பதற்கு இல்லை.

முன்பு இந்த வேலையைக் காடு செய்தது. நம் வேட்டை இனங்களான சிப்பிப்பாறையோ கன்னியோ ராஜபாளையமோ, முயல் பின்னால் ஓடிய நாய் விசில் கேட்டுத் திரும்பி வர வேண்டும். வராத நாயிடம் யாரும் குட்டி எடுக்க மாட்டார்கள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றமானது. அது சரிதான், எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் காட்டில் நடந்த சலித்தெடுப்பு அப்புறம் எங்கேயும் நடக்கவில்லை. அந்த இடத்துக்கு வந்தது உங்கள் ரிங். சைதாப்பேட்டையில் அரசு நடத்திய இனப்பெருக்க மையமும் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்டுவிட்டது. இப்போது எந்த நாயிடம் குட்டி எடுப்பது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் கோப்பைதான்.

வெள்ளை உடம்பில் புள்ளி புள்ளியாக இருக்கிற டால்மேஷன் நாயை வளர்ப்பவர்கள் பட்ட பாடு நமக்குப் பாடமாக இருக்கிறது. அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தவற்றில் ஏறக்குறைய 30 விழுக்காடு நாய்களுக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை. பிறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டோடு பிறக்கிற டால்மேஷன்களில் இந்தக் குறை குறைவு. ஆனால் அந்தத் திட்டு இருந்தால் அங்கே ரிங்கிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள்! காது நன்றாக இருக்கிற நாயைத் தேடிப்பிடித்து விரட்டுகிற விதி. அதோடு ஒப்பிட்டால், சந்தனத் திட்டுக்குக் கடைசி இடம் கொடுப்பது சின்னத் தவறுதான். அது பெரிதாவதற்கு முன் நிறுத்திவிடலாம். அங்கேயும் வளர்ப்பவர்கள் பிறகு விழித்துக்கொண்டு ஈத்து ஈத்தாகக் காது சோதனைக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். ராஜபாளையத்துக்கு அப்படி ஒரு கணக்கை எடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

சோதனை ஒன்றும் மாயம் இல்லை. பச்சைக் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று ஆஸ்பத்திரியில் ‘பெரா’ எடுக்கிறார்களே, அதேதான். தோலுக்கடியில் மெல்லிய ஊசிகள் இரண்டு மூன்று, காதில் ‘டிக் டிக்’ என்று ஒலி, மூளை பதில் சொல்கிறதா என்று திரையில் ஒரு கோடு. ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக. சில நிமிட வேலை, ஐந்து வாரத்துக் குட்டிக்கே எடுத்துவிடலாம். நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கான 2017 விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை எப்படியும் விற்கக் கூடாது, ஆகவே நேரமும் இருக்கிறது.

கருவி எங்கே என்று கேட்பீர்கள். திருநெல்வேலியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ராஜபாளையத்திலிருந்து போய் வர ஒரு பகல் போதும். அவர்களோடு ஓர் ஏற்பாடு செய்யுங்கள். ஊட்டியில் மே மாதம் நாடு முழுவதிலிருந்தும் நாய்கள் வருகின்றன. அங்கே ஒரு மேஜை போடச் சொல்லுங்கள். நாயின் தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப்பின் எண்ணைப் படித்து, அந்த எண்ணின் பேரிலேயே முடிவைப் பதிந்துவிட்டால், ஒரு நாயைக் காட்டி இன்னொன்றுக்குச் சான்று வாங்குகிற கைவரிசைக்கும் இடமிருக்காது. (யார் செய்வார் என்று கேட்காதீர்கள். எல்லாருக்கும் தெரியும்.)

இதனால் வளர்ப்பவர்கள் ஓடிவிடுவார்கள், இனமே குறைந்துபோகும் என்று சங்கக் கூட்டங்களில் ஒரு பேச்சு உண்டு. 2005இல் தபால் தலையில் வந்த இனம் இது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பெயர் சொன்ன பிறகு குட்டி கேட்டு வருகிற போன்களுக்குப் பதில் சொல்லி முடியவில்லை. ஓடுகிறவர்கள், செவிட்டுக் குட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிவிட்டு ‘ஈத்தில் நாலுதான்’ என்று எழுதித் தருகிறவர்களாக இருந்தால், ஓடட்டும். விஷயம் தெரியாமல் செவிட்டுக் குட்டியை வாங்கிப் போன குடும்பம், தூங்கும்போது தொட்ட பிள்ளையைக் கடித்துவிட்டது என்று தெருவில் விடுவதும் அடிக்கடி காதில் விழுகிறது. காது கேளாத குட்டியை விவரம் சொல்லி, வேலி போட்ட வீட்டுக்கு, கருத்தடை செய்து கொடுக்கலாம். கை சைகைக்கு அது நன்றாகவே பழகும். ஈத்துப் பதிவுப் படிவத்தில் ‘காது கேளாதவை எத்தனை’ என்று ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள். அந்தக் கட்டத்தை நிரப்பியதற்காக ஒருவர் அவமானப்படாத நிலை வேண்டும்.

நடுவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. காதில் திட்டு இருந்தால் அதன் பேரில் மதிப்பெண் குறைக்காதீர்கள். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், அடுத்த கண்காட்சியிலேயே செய்யலாம்.

சோதனை மேஜை போட்டால் என் கொட்டிலில் இருக்கிற ராஜபாளையம் நாய்கள் அத்தனையையும் முதல் நாளே கொண்டுவருகிறேன், பட்டம் வாங்கிய கடுவன் உட்பட. முடிவு எதுவானாலும் பெடிகிரி (வம்சாவளி) சான்றிதழிலேயே அச்சிடுங்கள். ஒரு காது இல்லையென்று வந்தால் அவனிடம் குட்டி எடுப்பதை அன்றோடு நிறுத்திவிடுவேன். மே மாதத்துக்கு முன்னால் உங்கள் பதில் வந்தால் வண்டிக்குச் சொல்லி வைக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ராஜபாளையத்து நாய் வளர்ப்பவன் ஒருவன்