வசூலுக்கு முன்னால் வேபில்

கோத்தகிரி

அன்புள்ள செல்விக்கு,

நீ பொது மேலாளர் ஆன செய்தியை மாப்பிள்ளைதான் சொன்னார். நீயே சொல்லியிருக்கலாம். சரி, மீட்டிங்கில் இருந்திருப்பாய். பக்கத்து வீட்டு அக்கா, "டெல்லியில் பஸ் ஓட்டுகிறாளா?" என்று கேட்டாள். ஓட்டுகிறவர்களுக்குச் சம்பளம் போடுகிற இடத்தில் இருக்கிறாள் என்றேன். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் யாராவது உன்னைக் கூப்பிட்டுவிடுகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது நம் பஸ்ஸில் 'சேரன்' என்று எழுதியிருக்கும். 1972-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கழகம். 1997-இல் சேரன், பாண்டியன் என்ற கழகப் பெயர்கள் எல்லாம் போய், தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஒரே பெயரானது. அதனால் என் மேஜையில் ஒன்றும் மாறவில்லை. கண்டக்டர் பையைக் கொட்டுவார், நான் எண்ணி வேபில்லோடு, அதாவது அவர் எழுதும் டிரிப் கணக்குத் தாளோடு, ஒத்துப்பார்ப்பேன். மழைக்காலத்தில் நோட்டெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். பிரித்து மேஜைமேல் பரப்பிக் காயவைத்துவிட்டுத்தான் எண்ண முடியும்.

உங்களுக்கு இப்போது எல்லாம் மெஷின். அன்று கையால் கிழிக்கும் டிக்கெட். கட்டணம் மாறும் ஒவ்வொரு ஸ்டேஜிலும் டிக்கெட் கட்டில் அடுத்து இருக்கும் நம்பரைக் கண்டக்டர் வேபில்லில் எழுத வேண்டும். முந்தைய நம்பரைக் கழித்தால் இடையில் எத்தனை டிக்கெட் போனது என்று தெரிந்துவிடும். இதை வைத்து ஊரையே படிக்கலாம் கண்ணு. படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை சமயத்தில் பேரகணிப் பக்கம் போகும் வண்டியின் வேபில்லில் எழுத இடம் போதாது. எஸ்டேட் சம்பள நாள் என்றால் அரை டிக்கெட் கூடும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஜாருக்கு வருவார்கள். காலை முதல் டிரிப்பில் ஒரு ஸ்டேஜ் மட்டும் காலியாக இருந்தால், அங்கே ரோட்டோரம் காட்டெருமை நின்றிருக்கும்.

மேலே ஒரு அட்டிக்கு, படுகர் கிராமத்துக்கு, ராத்திரி போய்த் தங்கி, விடியும் முன் கிளம்பும் நைட் ஹால்ட் வண்டி ஒன்று இருந்தது. கிலோமீட்டர் வசூலில் எப்போதும் கடைசி. நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்தபோது, அன்றிருந்த அதிகாரி ஒருவர் பைலை மூடிவைத்துவிட்டு, ஒரு கம்பளியோடு அந்த வண்டியிலேயே ஏறிப் போய்விட்டார். டிரைவர், கண்டக்டரோடு அங்கேயே படுத்தார். மறுநாள் என் மேஜைக்கு வந்து, கோயம்புத்தூர் வண்டிகளின் வேபில்லையும் எடுக்கச் சொன்னார். விஷயம் இதுதான்: அட்டியில் ஏறியவர்களில் பாதிப்பேர் கோத்தகிரியில் இறங்கி, மேட்டுப்பாளையத்துக்கும் கோயம்புத்தூருக்கும் வண்டி மாறியிருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், மண்டிக்கு கேரட் மூட்டை ஏற்றியவர்கள், காலேஜ் பிள்ளைகள். அவர்கள் கொடுத்த பெரிய காசு கோயம்புத்தூர் லைன் வண்டிக் கணக்கில் லாபமாக நின்றது, கொண்டுவந்து சேர்த்த சின்ன வண்டியின் தலையில் நஷ்டம் எழுதியிருந்தது. வண்டி நிற்கவில்லை. உன் மேஜைக்கும் இப்படி ஒரு பட்டியல் வரும், கடைசி வரியில் ஏதாவது ஒரு ரூட் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதில் ஒருமுறை ஏறிப் பார். கார் அனுப்புகிறேன் என்பார்கள், வேண்டாம் என்று சொல்.

2009 நவம்பர் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ரோடும் ரயில் பாதையும் துண்டுதுண்டானது உனக்கும் நினைவிருக்கும். சரிவுக்கு இந்தப் பக்கம் ஒரு வண்டி, அந்தப் பக்கம் ஒரு வண்டி. நடுவில் ஜனம் சேற்றில் நடந்து மாறியது. அந்த யோசனையை டிரைவர்கள்தான் சொன்னார்கள்.

உங்கள் டெல்லியில் 2019-லேயே பெண்கள் காசில்லாமல் போக பிங்க் டிக்கெட் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் பெண்களுக்கு இலவசப் பயணம் 2021-இல் வந்தது, மலைக்கு ஏறி வர 2024 ஆனது. காசில்லை என்றாலும் டிக்கெட் கிழித்தே ஆக வேண்டும் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. தலைக்கணக்கு நிற்கிறது அல்லவா? இனி வசூலை மட்டும் வைத்து ஒரு ரூட்டை எடைபோடுகிறவருக்கு வேலை தெரியாது என்றுதான் நான் சொல்வேன்.

நீ என்னை மெட்ரோவில் கூட்டிப்போனபோது அதைக் கட்டிய இன்ஜினியர் ஸ்ரீதரனைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாய். 1964 புயலில் போன பாம்பன் பாலத்தை 46 நாளில் நிமிர்த்தினார் என்று எல்லோரும் அந்த 46-ஐத்தான் சொல்கிறார்கள். கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடி எடுக்க மீனவர்கள் உதவினார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அப்புறம், 2009 ஜூலையில் மெட்ரோ கட்டுமானம் சரிந்து தொழிலாளர்கள் இறந்தபோது, எந்த இன்ஜினியர், எந்த கான்ட்ராக்டர் என்று கை நீட்டாமல் தானே ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அன்றைய முதல்வர் ஷீலா தீட்சித் அதை ஏற்கவில்லை, ஸ்ரீதரனும் 2011 முடியும் வரை பதவியில் இருந்தார். விபத்து இல்லாத போக்குவரத்து ஆபீஸ் கிடையாது. அந்த நாள் வரும்போது முதல் போன் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், விளக்கக் கடிதத்தை அப்புறம் எழுதலாம்.

தீபாவளிக்கு வருவதாகச் சொன்னாய். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடிகாலை மேட்டுப்பாளையம். அங்கிருந்து கார் எடுக்காதே. மலை ஏறக் காருக்கு இ-பாஸ் வேண்டும், நம் பஸ்ஸுக்கு வேண்டாம். கோத்தகிரி வண்டியில் முன் சீட்டாகப் பார்த்து உட்கார், உனக்குச் சின்னதிலிருந்தே வளைவில் வாந்தி வரும். பொது மேலாளர் என்று கண்டக்டரிடம் சொல்லிக்கொள்ளாமல் டிக்கெட் எடுத்து வா.

அம்மா